அவரவர் ஆளை அவரவரே வைய வேண்டும்

1

நெருப்பு விறகைத் தின்பதுபோலப் பொறாமை நன்மைகளைத் தின்றுவிடும் என்று வெள்ளிக்கிழமை பயான்களில் கேட்டு வளர்ந்தவன் நான். சாத்தூர்க்காரனுக்கு நெருப்பைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் இந்த 2005ஆம் வருடம்வரை இரண்டு வருடமாக ஒருத்தன்மீது பொறாமைப்பட்டு வெந்துகொண்டிருக்கிறேன். பெயர் முத்துராஜ். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். என் பால்ய சிநேகிதன். பணத்தில், வீட்டில், காரில் எதிலும் அவன் எனக்கு மேலே இல்லை. ஆனால் என் மகள் அவனோடு பேசுகிறாள். என்னோடு பேசுவதில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரில் இருக்கிறேன். லெஸ்டர் என்றால் ஊரில் யாருக்கும் திருப்தி வராது, அதனால் லண்டன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் இரவு ஷிப்ட். வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. மனைவி ஜமீலா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் சபீனா, இந்தக் குளிரில்தான் பதினெட்டு முடிந்தது. முதல் ஓட்டுக்கு வயது வந்துவிட்டது. மே மாதம் இங்கே தேர்தல். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2

அதற்கு முன் எங்கள் கடையைச் சொல்ல வேண்டும். சாத்தூரில் எங்களுடையது பேப்பர் கடை. தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் பண்டல் பண்டலாகக் காகிதம் போகும். அத்தாவுக்குப் பிறகு அண்ணன் காசிம் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பாதி ஷட்டரைத் தூக்கும்போது முத்துராஜ் கம்பெனி வேனோடு நிற்பான். லோடு ஏறி முடியும்வரை கடையின் பின்கட்டில் பேச்சு. அரசியல், சாமி, சினிமா, மறுபடி அரசியல்.

ஒரு தேர்தல் சமயம். காசிம் அண்ணன் முத்துராஜின் ஊர்க் கோயில் காரியத்தில் ஏதோ சொல்லிவிட்டார். முத்துராஜ் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தைப் பற்றி ஒரு வார்த்தை விட்டான். இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். லோடுமேன்கள் வேனை விட்டு எட்டிப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு முத்துராஜ்தான் உட்கார்ந்தான்.

"அண்ணே, எங்க கம்பெனில ஒரு ரூம்காரன் அடுத்த ரூம் மருந்துல கை வைக்க மாட்டான். வச்சா ரெண்டு ரூமும் போயிரும். இனிமே இங்கனயும் அம்புட்டுதான். ஒங்க ஆளுகள நீங்க வையுங்க. எங்க ஆளுகள நான் வையுறேன்."

"மாத்தி வஞ்சா?" என்று கேட்டேன்.

"வஞ்சவன் எல்லாருக்கும் காராச்சேவு வாங்கணும்."

இப்படித்தான் எங்கள் கடைச் சட்டம் பிறந்தது. அடுத்தவர் ஆளைப் பற்றி வாயைத் திறந்தால் கண்ணால் கண்ட நல்லதை மட்டும் சொல்லலாம் என்று பிறகு ஒரு திருத்தமும் வந்தது. காசிம் அண்ணன் ஓதுகிறவர். உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று குர்ஆனில் வருவதை எடுத்துச் சொன்னார். முத்துராஜுக்கு ஒரே பெருமை. "அப்ப நம்ம சட்டம் ஒங்க வேதத்துலயே இருக்குங்கீக. நான் எழுதலப்பா" என்றான்.

சட்டம் வந்த பிறகு பேச்சு குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. தன் ஆளை வைவதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவனை வைய அதெல்லாம் தேவையில்லை. காசிம் அண்ணன், "நோன்புக் கஞ்சி குடிக்க கட்சிக்காரன் தொப்பி போட்டு வாரான். நம்மாளுக அவன் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க இடிச்சுக்கிட்டு நிக்கிறாக. கஞ்சியோட சேத்து ஓட்டையும் ஊத்திக் குடுத்துட்டாக" என்று ஆரம்பிப்பார். முத்துராஜின் அப்பா கூலிக்கு வயல் வேலை பார்த்தவர். அவர்கள் தெருவுக்குள் தேர் வராது. "சாமி எல்லா எடத்துலயும் இருக்குங்கான். எங்க தெரு முக்கு வந்தா மட்டும் தேரு திரும்பிருது. தேரத் திருப்புனவனே எலெக்சன் வந்தா அதே சாமி பேரச் சொல்லிக்கிட்டு எங்க தெருவுக்குள்ள வாரான்" என்பான். எனக்கு வாயெல்லாம் அரிக்கும். நாலு வார்த்தை சேர்த்துப் போடலாம். ஆனால் அது அவன் ரூம் மருந்து.

அதே முத்துராஜ்தான் இன்னொரு வெள்ளிக்கிழமை, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெடிவிபத்து நடந்தபோது எங்கள் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் ரத்தம் வேண்டும் என்று சொன்னதையும், தொழுதுவிட்டு வந்தவர்கள் தொப்பியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தான். படுத்துக்கிடந்தவர்களில் அவன் சித்தப்பா மகனும் ஒருவர்.

அந்தப் பின்கட்டில், கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில், மஞ்சள் பேப்பர் பண்டல்தான் என் இடம். எங்கள் ஜமாஅத்தை வைவதில் எனக்கு இணை கிடையாது. இதைத் தற்பெருமையாகவே சொல்கிறேன்.

3

இந்தச் சரக்கை அப்படியே கப்பலேற்றலாம் என்று நினைத்தது என் புத்தி. இங்கே ஒரு சர்ச் ஹாலில் எல்லா மதத்தாரும் கூடிப் பேசும் கூட்டம் நடக்கும். சட்டையில் பெயர் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளரிக்காயைக் காகிதம்போல் சீவி ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்து வளர்ந்த வாய்க்கு அது ஒரு தண்டனை. ஒருவர் மதத்தை ஒருவர் மாறிமாறிப் பாராட்டினார்கள். என் முறை வந்தது. நான் எழுந்து, எங்கள் பழக்கப்படி, என் ஆட்களை வைய ஆரம்பித்தேன். பள்ளிவாசல் கமிட்டியில் பத்து வருடமாக ஒரே முகங்கள், இளைஞர்களுக்கு வாசல் இல்லை, பெண்களுக்கு ஜன்னல்கூட இல்லை என்று என் அச்சுக்கூட இங்கிலீஷில் வெளுத்துக் கட்டினேன். அடுத்தவர் எழுந்து தன் ஆட்களை வைவார் என்று காத்திருந்தேன்.

யாரும் எழவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். மறுநாள் கவுன்சிலிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, பள்ளிவாசலில் எனக்கு யாராவது மிரட்டல் விடுகிறார்களா, ரகசியமாகப் பேச வேண்டுமா என்று அன்பாகக் கேட்டார். கமிட்டித் தலைவர் இரண்டு வாரம் என் ஸலாமுக்குப் பதில் முனகினார். இரண்டு பக்கமும் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், வெளிநாட்டுக்குப் பேசக் கடையில் விற்கும் போன் கார்டின் நம்பரைச் சுரண்டி முத்துராஜைக் கூப்பிடுவேன். முன்பெல்லாம் "ஏலே மீரான்" என்பவன், நான் இங்கே வந்தபிறகு "மீரான் பாய், நல்லா இருக்கீகளா?" என்கிறான். "ஒங்க ஊர்ல எல்லாம் ஒழுங்கு பாய். நீங்க குடுத்து வச்சவுக" என்கிறான். முதல் இரண்டு வருடம் கேட்க இனிப்பாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. எங்கள் கடைச் சட்டப்படி பாராட்டு அடுத்தவர் ஆளுக்கு. அவன் என்னை வைவதே இல்லை.

4

இரண்டு வருடத்துக்கு முன் காசிம் அண்ணன் மகள் நிக்காஹுக்கு ஊருக்குப் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை வந்தது. பிளாஸ்கில் டீ கொடுக்க வந்த சபீனா திரும்பிப் போகாமல் நேராக என் மஞ்சள் பண்டலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று கண்ணால் சொன்னேன்.

"இருக்கட்டும் பாய். பிள்ள ஒக்காரட்டும்" என்றான் முத்துராஜ்.

நான் நின்றபடியே பழைய ஞாபகத்தில் ஆரம்பித்தேன். சாத்தூர் ஜமாஅத்தை, ஊர் ரோட்டை, ஓட்டுக் கேட்க வந்தவர்களை ஒரு பிடி பிடித்தேன். முத்துராஜ் கை தட்டிச் சிரித்தான். "பாய், சேவு வாங்கணும்! அது காசிம் அண்ணன் ஆளுக. நீங்க லண்டன் ஆளுகளல்ல வையணும்." எல்லாரும் சிரித்தார்கள், என் அண்ணனும்தான். நானும் சிரித்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போனேன். காராச்சேவுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தால், என் மகள் தன் பள்ளிக்கூடத்து முஸ்லிம் பிள்ளைகளைப் பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் வைதுகொண்டிருக்கிறாள். மற்ற நாட்டு அகதிப் பிள்ளைகளை இவர்களே பக்கத்தில் சேர்ப்பதில்லையாம். முத்துராஜ் கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறான். "அப்பிடிச் சொல்லு தாயி!"

என் இடத்தில் அவள். அவள் பேச்சைக் கேட்கும் இடத்தில் அவன். நான் சேவு வாங்கிக்கொண்டு வந்தவன். அன்று பிடித்தது இந்த எரிச்சல்.

5

இந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் சபீனா ஒரு துண்டுச் சீட்டோடு வீட்டுக்கு வந்தாள். பள்ளிவாசலுக்கு வெளியே யாரோ கொடுத்தது. ஓட்டுப் போடுவது ஹராம், சட்டம் போடும் உரிமை இறைவனுக்கு மட்டுமே என்று இருந்தது. "எனக்கு இது சரின்னு படுது அத்தா. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஓட்டு என்பது சாட்சி, சாட்சியை மறைக்கக் கூடாது என்று எனக்கு ஓதிக்கொடுத்த ஹஸரத் சொன்னது. விடியலில் சுப்ஹு தொழுத கையோடு அம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பூத்தில் முதல் ஆளாக நின்றது. சொல்லியிருக்கலாம். ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வந்த தலை. "படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது? தூக்கிப் போடு அதை" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து ஜமீலா வந்து பார்த்தாள்.

சபீனா சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதன்பின் எங்கள் வீட்டில் சோறு உண்டு, ஸலாம் உண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்பது உண்டு. வேறு பேச்சு இல்லை. இந்த நாட்டில் பிள்ளைகள் கதவைச் சாத்துவது சத்தமே கேட்காது. நான் பயந்தேன். அவள் ஓட்டுப் போடுவாளா மாட்டாளா என்ற கவலை அப்போதே சின்னதாகிவிட்டது. பெரிய விஷயம் எது தோன்றினாலும் இனி அத்தாவிடம் வரமாட்டாளே என்றுதான் பயம்.

6

சுரண்டி ஒருமுறை மட்டும் பேசிய போன் கார்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தது. ஜமீலா என்று நினைத்தேன். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். போன வெள்ளிக்கிழமை, வேலையிலிருந்து வந்து மாடியில் படுத்திருந்தேன். சபீனாவுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பு கிடையாது. கீழே ஒரு ஆண் குரல் கேட்டது. அடித்துப்பிடித்து எழுந்து மாடிப்படியில் பாதி இறங்கினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேசைமேல் வைத்துவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் என் மகள். சாத்தூரில் அப்போது ஜும்ஆ முடிந்து லோடு ஏறும் நேரம்.

"மாமா, இன்னைக்கி எங்க ஆளுகள வையப்போறேன்."

"வையி தாயி. வேன் கெளம்ப இன்னும் நேரங் கெடக்கு. ஒங்க பெரியத்தா டீக்கு ஆள் அனுப்பிருக்காரு."

அவள் பேசிய தமிழைக் கேட்டு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் ஊர்த் தமிழ், அச்சு அசலாக. நான் கொடுக்கவில்லை. அவன் கொடுத்திருக்கிறான், என் காசில் வாங்கிய கார்டில்.

"பள்ளிவாசல்ல பொம்பளப் பிள்ளைக கேள்வி கேக்க எடமே இல்ல மாமா. ஓட்டப் பத்திக் கேட்டா, ஒங்க அத்தாட்ட கேளுங்காக. அத்தாட்ட கேட்டா கத்துறாரு. அந்தச் சீட்டு குடுத்த அக்காதான் மழைல நின்னு பேசுனா. ஆனா அந்தச் சீட்ட முழுக்கப் படிச்சுப் பாத்தேன். எல்லாரையும் வஞ்சிருக்காக. எலெக்சன்ல நிக்கிறவன, வெள்ளக்காரன, ஓட்டுப் போடுற முஸ்லிம. அவுகள அவுகளே ஒரு வரிகூட வையல."

"அப்ப சேவு அவுகதான் வாங்கணும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னால் காசிம் அண்ணன் சிரிப்பதும் கேட்டது. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வரவேண்டிய வார்த்தை. படிக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா அவுக சொல்றதுல ஒண்ணு இருக்கு மாமா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இங்கன உள்ளவுக போட்ட ஓட்டுலதான ஈராக்ல குண்டு விழுந்துச்சு? அல்லாஹ் எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல?"

முத்துராஜ் யாரையோ கட்டிங் மிஷினை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றது.

"அது ஒன் ரூமு தாயி. நான் கை வைக்க மாட்டேன். என் சங்கதியச் சொல்றேன். நான் சாமி கும்பிட்டுத்தான் ஓட்டுப் போடப் போவேன். தேரத் திருப்புனவனுக்குப் போடலன்னு சாமிட்ட சொல்லிட்டுப் போவேன். இது வரைக்கும் சாமி வேண்டாம்னு சொன்னதில்ல. தேரும் இன்னும் எங்க தெருவுக்குள்ள வரல. அடுத்த தடவையும் போடுவேன்."

அவள் யோசித்தாள். ரொட்டியைக் கடித்தாள். பிறகு, "சரி, அடுத்து எங்க அத்தா" என்றாள்.

படியிலிருந்து எழுந்து நின்றேன்.

"கடைல இப்பிடிப் பேசுவோம் அப்பிடிப் பேசுவோம்னு சின்ன வயசுலேருந்து கதை சொல்லுவாரு மாமா. எங்கிட்ட மட்டும் பேச மாட்டாரு. கத்தத்தான் தெரியும்."

முத்துராஜ் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஒங்க அத்தா நல்லவுக தாயி, குடுத்து வச்சவுக, அங்கன எம்புட்டுக் கஷ்டப்படுறாக என்பான். அடுத்தவர் ஆளுக்கு நல்லது மட்டும். அதைக் கேட்க வேண்டாம் என்று மாடிக்குத் திரும்பப் போனேன்.

"இரு தாயி, இரு. நீ ஒருத்தி வஞ்சாப் பத்தாது. அவன் எங்க ஆளும்தான். நானும் வையுறேன்" என்றான். "அந்தப் பய இங்கன இருந்தப்பவே அப்பிடித்தான். ஒங்க பெரியத்தா வாயத் தெறந்தா குறுக்க விழுந்து அவனே பேசி முடிப்பான். காது ரெண்டும் சும்மா அழகுக்கு. கூறுகெட்ட பய, பெத்த பிள்ள மார்க்கத்தப் பத்திக் கேக்குது, கொண்டாடாம கத்திருக்கான் பாரு!"

படி கிறீச்சிட்டது. சபீனா நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் பயந்தாள், பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "மாமா, அத்தா படில நிக்கிறாரு."

"நிக்கிறானா? ஏலே மீரான்! கத்துறதுக்கா அங்கன போன? இங்கன நெறைய எடம் கெடந்துச்சே!"

அந்த 'ஏலே' எத்தனை வருடம் கழித்து! மேசைக்கு வந்து நின்றேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க முடியவில்லை. "அன்னைக்கி என்னைய சேவு வாங்க வச்சியேலே?" என்றேன்.

"ஊர வஞ்ச, வாங்குன. ஊர விட்டுப் போனவன் ஊர வையப்படாது. ஒன்னைய வையுறதுக்கு நான் எவன்ட்ட கேக்கணும்?"

"அப்ப இம்புட்டு நாளும் பாய் பாய்னு..."

"நீதான் போன் எடுத்ததும் எங்க ரோடு, எங்க வீடுன்னு பெருமை அடிப்ப. வேற என்ன சொல்லச் சொல்ற?"

சபீனா எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "ஒக்காருங்க அத்தா. நான் இன்னும் முடிவு பண்ணல. நீங்களும் சொல்லுங்க. ஆனா மாமா முடிக்கட்டும், குறுக்க பேசக் கூடாது." உட்கார்ந்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளை அத்தாவுக்குச் சட்டம் சொல்கிறது. ஊரில் இதைப் படிப்பவர்கள் என்ன நினைப்பீர்களோ நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் இரண்டு நிமிடம்தான் பாக்கி என்று பதிவு செய்த இங்கிலீஷ்காரப் பெண் குரல் குறுக்கே வந்து சொன்னது.

"ஏலே, ஓடிப்போயி இன்னொரு கார்டு வாங்கிட்டு வா" என்றான் முத்துராஜ். என்னிடம்தான் சொன்னான். பேசுவதை நிறுத்தவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

கைலிக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் ஓடினேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முக்குக் கடைக்கார குஜராத்தி கார்டை எடுத்து நீட்டினார். இன்னொன்றும் கொடுங்கள் என்றேன். இரண்டு எதற்கு என்று கேட்டார்.

"ஒன்று என் மகளுக்கு. மற்றது எனக்கு. ஊரில் ஒருத்தனைத் திருப்பி வைய வேண்டியிருக்கிறது" என்றேன்.